சாறு குறைந்த வருடத்தில் மேப்பிள்: கருவி, விளைச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க், மெய்ன் மாநிலங்களிலும் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை மேப்பிள் சாறு இறக்கும் காலம். மரத்தண்டில் துளை போட்டு, வடியும் சாற்றைப் பிடித்துக் காய்ச்சினால் சிரப் என்ற இனிப்புப் பாகு கிடைக்கும். சில வருடம் வாளி வழிகிறது, சில வருடம் அடி கூட நனைவதில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மரம் இருப்பவர்களையும், நூறு மரத்துக்குள் சின்னத் தோப்பு வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. ஆயிரக்கணக்கில் மரம் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சில வருடம் சாறு ஏன் வருவதே இல்லை?

இரவில் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் சாறு. இரவு மைனஸ் 5, பகல் பிளஸ் 5 டிகிரி செல்சியஸ் என்று ஒரு வாரம் ஓடினால் அதைவிட நல்ல வாரம் கிடையாது.

மேப்பிள் கட்டையில் நீர் ஏறும் குழாய்களைச் சுற்றியுள்ள நார்களுக்குள் காற்று இருக்கிறது. குளிர் ஏறும்போது அங்கே பனி படிந்து காற்று நெருக்கப்படும். அந்த நேரத்தில் மரம் வேர் வழியாக மண்ணிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்ளும். காலையில் வெயில் பட்டுப் பனி உருகியதும், நெருக்கப்பட்ட காற்று விரிந்து, தண்டுக்குள் அழுத்தம் ஏறும். தண்டில் ஒரு துளை இருந்தால் சாறு அதன் வழியே வெளியே வரும். இரவில் உறையாவிட்டால் இந்த அழுத்தம் மறுபடி உருவாகாது. ஓரிரு நாள் சொட்டும், பிறகு நின்றுவிடும்.

அதனால் மோசமான வருடம் என்பது ஒரே மாதிரி இருக்காது. மார்ச் முழுக்கக் குளிர் விடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே தாவலில் கோடை மாதிரி ஆகிவிடும் வருடம் உண்டு. பிப்ரவரியிலேயே சூடு வந்து, ஆட்கள் துளை போடும் முன்பே நல்ல ஓட்டம் முடிந்துபோகும் வருடமும் உண்டு. 2012 மார்ச் மூன்றாம் வாரத்தில் வெர்மான்ட்டில் வெயில் 25 டிகிரியைத் தாண்டியது. மொட்டுகள் வீங்கின, பல இடங்களில் பருவம் அங்கேயே முடிந்தது.

நம் ஊர்ப் பதநீர் போலத்தானே?

இனிப்பு நீர் என்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிகிறது. பதநீர் பனம்பாளையைச் சீவி எடுப்பது. மரம் தயாரித்த சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டுபோகும் வழியில் நாம் கை வைக்கிறோம், அதனால் அதில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். மேப்பிள் சாறு தண்டின் கட்டையிலிருந்து, அதாவது வேரிலிருந்து நீர் மேலே ஏறும் பாதையிலிருந்து வருவது. சர்க்கரை 2 சதவீதம்தான். குடித்தால் லேசாக இனிக்கும் பச்சைத் தண்ணீர், அவ்வளவே.

இன்னொரு வித்தியாசம்: பனையில் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். இங்கே அந்த வேலையைக் குளிர் பார்க்கிறது. குளிர் விலகிய வருடத்தில் சாறு குறைவது மட்டுமல்ல, வந்த சாறும் சீக்கிரம் கெடும். மோசமான வருடத்தின் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது.

ஒரு துளைக்கு எவ்வளவு சாறு, எவ்வளவு சிரப் கிடைக்கும்?

வாளி மாட்டிய ஒரு துளையில் சுமாரான பருவம் முழுவதும் சேர்த்து 40 லிட்டர் சாறு என்று கணக்கு வைக்கலாம். அதிலிருந்து ஒரு லிட்டரை ஒட்டி சிரப் வரும்.

துல்லியமாக வேண்டுமானால் ‘86 விதி’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. 86ஐ சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது வரும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். ஒன்றரை சதவீதம் என்றால் 57 லிட்டர்.

மோசமான வருடத்தில் இரண்டு அடி ஒன்றாக விழும். சாறும் குறையும், பல நேரம் சர்க்கரையும் குறையும். பத்துத் துளை இருப்பவருக்கு சுமாரான வருடத்தில் 400 லிட்டர் சாறு, 2 சதவீதம், ஆக 9 லிட்டருக்கு மேல் சிரப். மோசமான வருடத்தில் சாறு பாதியாகி, சர்க்கரை ஒன்றரைக்கு இறங்கினால் 200ஐ 57ஆல் வகுக்க வேண்டும். மூன்றரை லிட்டர். சாறு பாதியானால் சிரப்பும் பாதி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஒரு சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னதுதான், விலையும் அதிகமில்லை. எந்த மரம் 1.2 சதவீதம், எந்த மரம் 3 சதவீதம் என்று தெரிந்துவிட்டால், அடுத்த வருடம் எதை விட்டுவிடலாம் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய தோப்புகளில் விளைச்சல் எவ்வளவு ஏறி இறங்குகிறது?

உலகின் மேப்பிள் சிரப்பில் 70 சதவீதத்தை ஒட்டிக் கொடுப்பது கியூபெக். அங்கே 2020ல் 17.5 கோடி பவுண்டு. 2021 வசந்தம் குறுகியது, சூடானது; 13.3 கோடியாக இறங்கியது. 2022ல் 21.1 கோடி. 2023ல் மறுபடி சரிந்து 12.4 கோடி. 2024ல் 23.9 கோடி, அதுவரை இல்லாத உச்சம். பம்ப், கணினிக் கண்காணிப்பு என்று எல்லா வசதியும் வைத்திருப்பவர்களுக்கே இப்படி.

வெர்மான்ட் 2011ல் 11.4 லட்சம் கேலன் எடுத்தது, 2012ல் 7.5 லட்சம். அடுத்த வருடமே 2011ஐத் தாண்டி மேலே போய்விட்டது. ஒரு மோசமான பருவம் அடுத்ததைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முதல் வருடம் சாறு வரவில்லை என்று எல்லாவற்றையும் விற்றுவிடத் துடிப்பவர்கள் இந்த எண்களை இன்னொரு தடவை பார்க்கலாம்.

வாளி, பை, டியூப்: எது வாங்குவது?

இருபது மரத்துக்குள் என்றால் வாளியே போதும். மூடி அவசியம், இல்லாவிட்டால் மழையும் பனியும் விழுந்து நீங்கள் மழைத்தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பீர்கள். அலுமினிய வாளி, உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி இரண்டும் நல்லது. உணவகங்களில் சும்மா கிடைக்கும் பிளாஸ்டிக் வாளியில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஊறுகாய் வெள்ளரி இருந்த வாளியின் வாசனை எத்தனை கழுவினாலும் போகாது, சிரப் வரைக்கும் கூடவே வரும்.

பிளாஸ்டிக் பை இடத்தை அடைக்காது, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் வெயில் பட்டால் உள்ளே சாறு சீக்கிரம் சூடாகும். சூடான வருடத்தில் எனக்குப் பை பிடிப்பதில்லை.

சரிவான நிலத்தில் ஐம்பது மரம் என்றால் டியூப்தான் சரி. ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து வாளி சுமக்கும் வேலை போய்விடும். அதைவிட முக்கியம், சாறு ஒரே தொட்டியில் வந்து விழுவதால் உடனே எடுத்துக் குளிரில் வைக்க முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. மரத்திலிருந்து ஓரடி, இரண்டடி டியூப் இறக்கி, தரையில் மூடியுள்ள வாளிக்குள் விடுவது. மூடியில் டியூப் நுழைய மட்டும் ஒரு ஓட்டை. வாளியை வடக்குப் பக்கம் பனிக்குள் புதைத்து வைத்தால் குளிர்ச்சியும் நிற்கும். வீட்டு அளவுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஸ்பைல் என்ன அளவு? எவ்வளவு ஆழம் துளைக்க வேண்டும்?

ஸ்பைல் என்பது மரத்தில் அடிக்கும் சின்னக் குழாய்மூக்கு. முன்பு 7/16 அங்குலம் பழக்கம், இப்போது 5/16. காயம் சிறியது, மரம் சீக்கிரம் ஆற்றிக்கொள்ளும். கிடைக்கும் சாறோ பெரிதாகக் குறைவதில்லை. புதிதாக வாங்குபவர்கள் 5/16ஐத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம்.

ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். லேசாக மேல்நோக்கிய சாய்வு, அப்போதுதான் சாறு உள்ளே தேங்காது. டிரில் பிட் கூர்மையாக, சுத்தமாக இருக்க வேண்டும். வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிர் மஞ்சளோ வெள்ளையோ என்றால் உயிருள்ள கட்டை. பழுப்பு நிறம் வந்தால் பழைய காயத்துக்குள் போய்விட்டீர்கள், அங்கே சாறு வராது.

மரத்தின் குறுக்களவு நெஞ்சு உயரத்தில் 10 முதல் 12 அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்கு ஒரு துளை. 18 அங்குலத்துக்கு மேல் இரண்டு. பழைய துளைக்குப் பக்கவாட்டில் இரண்டு அங்குலமாவது தள்ளி, மேலோ கீழோ ஓரடி விலகிப் போடுங்கள். காயத்துக்கு மேலும் கீழும் கட்டையில் நீளமாக ஒரு கீற்றை மரம் அடைத்துவிடும், அந்தக் கீற்றில் இனிமேல் நீர் ஓடாது.

போன வருட ஸ்பைலைக் கழுவித் திரும்பப் போடலாமா?

பிளாஸ்டிக் ஸ்பைல் என்றால், போடாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

துளை ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது காய்வதில்லை. துளைக்குள் பாக்டீரியாவும் ஈஸ்டும் பெருகுகின்றன. மரம் அதைக் காயமாக உணர்ந்து, சுற்றியுள்ள குழாய்களை அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு கிருமி, எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து இது நடக்கும் வேகம் மாறும். குளிர்ந்த வருடத்தில் அழுக்கு ஸ்பைல் கூட ஐந்து வாரம் தாக்குப்பிடிக்கலாம். மார்ச் நடுவில் ஒரு வாரம் 15 டிகிரி அடித்துவிட்டால் அந்தத் துளை செத்ததுதான். அதற்குப் பிறகு குளிர் திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாறு ஓடும்போது உங்கள் வாளி காலியாக நிற்கும்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம், அண்டர்ஹில் என்ற ஊரில் 1940களிலிருந்து இயங்குகிறது. டியூப் அமைப்புகளில் வருடா வருடம் ஸ்பைலை மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் சாற்றைப் பற்றி அவர்கள் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். தடுப்பு வால்வு வைத்த ஸ்பைல் அங்கிருந்து வந்ததுதான். அதற்குள் ஒரு சின்னக் குண்டு இருக்கும். மரம் இரவில் உறையும்போது டியூபில் கிடக்கும் பழைய சாற்றைத் திரும்ப உள்ளே உறிஞ்சப் பார்க்கும். குண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும், கிருமி மரத்துக்குள் போகாது.

வாளியில் சாறு சொட்டி விழுவதால் இந்தத் திரும்ப உறிஞ்சல் பிரச்சினை கிடையாது. உலோக ஸ்பைல் வைத்திருப்பவர்கள் கொதிநீரில் போட்டு நன்றாக வேகவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் ஸ்பைல் சில்லறைக் காசுதான், அதில் சிக்கனம் பிடித்து பருவத்தின் கடைசி இரண்டு வாரத்தை இழக்க வேண்டாம்.

துளைக்குள் போடும் பாராஃபார்மால்டிஹைடு மாத்திரை பற்றிப் பழைய ஆட்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு விடுங்கள். அது துளையைத் திறந்து வைக்கும், மரத்தை அழுகவும் வைக்கும். இரண்டு நாடுகளிலும் இப்போது அனுமதி இல்லை.

எப்போது துளைக்க வேண்டும்? மார்ச் வரை காத்திருக்கலாமா?

காலண்டரைப் பார்த்துத் துளைத்த காலம் போய்விட்டது. பத்து நாள் வானிலைக் கணிப்பைப் பாருங்கள். பகலில் பூஜ்யத்துக்கு மேலும் இரவில் கீழும் போகும் நாட்கள் தொடர்ச்சியாக மூன்று நான்கு தெரிந்தால், அதற்கு முந்தைய நாள் இறங்கிவிடுங்கள். தெற்கு ஒன்டாரியோவில் இது பிப்ரவரியிலேயே வரலாம், கியூபெக்கின் வடபகுதிகளில் மார்ச் கடைசி வரை வராமலும் இருக்கலாம்.

சீக்கிரம் துளைத்தால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளுமே என்ற பயம் நியாயமானது. வாளி மாட்டிய துளைக்கு ஆறு வாரம்தான் ஆயுள். பத்து மரம் இருந்தால் ஐந்தை முதல் சூட்டில் துளைத்து, மீதி ஐந்தை இரண்டு வாரம் கழித்துத் துளைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல வருடத்தில் இதனால் கொஞ்சம் நஷ்டம், மோசமான வருடத்தில் எப்படியும் பாதி மரங்களுக்கு நல்ல ஓட்டம் கிடைக்கும்.

சாறு நின்றுவிட்டது. அதே மரத்தில் இன்னொரு துளை போடலாமா?

வேண்டாம். சாறு குறைந்த வருடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை இது. அந்தப் புதுத் துளையில் மூன்று நான்கு நாள் கொஞ்சம் வரும். ஆனால் மரத்தின் கட்டையில் இன்னொரு கீற்று நிரந்தரமாக அடைபடும். வறட்சி, கம்பளிப்பூச்சி தாக்குதல் என்று முந்தைய கோடையில் இலை இழந்த மரம் ஏற்கனவே சர்க்கரைச் சேமிப்பு குறைந்துதான் நிற்கும், சாற்றில் சர்க்கரை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட மரத்தை ஒரு வருடம் துளைக்காமல் விடுவதே நல்லது.

வேக்குவம் பம்ப் வைத்தால் மோசமான வருடத்தைச் சமாளிக்கலாமா?

பெரிய தோப்புகள் சமாளிப்பதே அதை வைத்துத்தான். டியூப் வலைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால், மரத்துக்குள் அழுத்தம் குறைவாக இருக்கும் நாளிலும் சாறு வெளியே வரும். வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள்; ஒவ்வொரு அங்குலத்துக்கும் 5 முதல் 7 சதவீதம் கூடுதல் சாறு என்பது பொதுவான கணக்கு. 25 அங்குலத்துக்கு மேல் பிடிக்கும் அமைப்பில், வாளியைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் எடுக்கிறார்கள். சர்க்கரைச் சதவீதம் இதனால் குறைவதில்லை. இரவில் சரியாக உறையாத நாட்களிலும் ஓட்டம் அறுந்துபோகாது, துளையும் கூடுதல் வாரங்கள் உயிரோடிருக்கும். சூடான வசந்தத்தில் வாளிக்காரருக்கும் பம்ப்காரருக்கும் இடையே உள்ள தூரம் அதிகமாவது இதனால்தான்.

ஆனால் பம்ப் மட்டும் வாங்கினால் போதாது. சாற்றையும் காற்றையும் பிரிக்கும் ரிலீசர், உள்ளே சாறு தேங்காமல் ஒரே சரிவில் இறுக்கிக் கட்டிய மெயின் லைன், ஒரு கிளை டியூபுக்கு ஐந்தாறு துளைக்கு மேல் போகாத கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கசிவு தேடித் தினமும் நடக்க ஓர் ஆள். ஒரே ஒரு கழன்ற ஸ்பைல் அந்தப் பக்கத்து வேக்குவத்தையே இறக்கிவிடும். ஐம்பது மரத்துக்கு இந்தச் செலவு தகாது என்பது என் கருத்து. விற்பனையாளர் வேறு மாதிரி சொல்வார்.

பம்ப் இல்லாமல் 3/16 டியூபில் வேக்குவம் வரும் என்கிறார்களே?

வரும், நிலம் சரிவாக இருந்தால். மெல்லிய 3/16 அங்குல டியூபில் சாறும் காற்றுக் குமிழும் தனித்தனியாகப் போக இடமில்லை. டியூப் முழுக்கச் சாறு நின்று, அதன் எடையே மேலிருக்கும் மரங்களிலிருந்து இழுக்கும். ஒவ்வோர் அடி இறக்கத்துக்கும் 0.88 அங்குல பாதரசம். 30 அடி இறக்கம் இருந்தால் 26 அங்குலம், அதாவது நல்ல பம்ப் கொடுக்கும் அளவு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் டிம் வில்மாட் இதைச் சோதித்துப் பரப்பிய பிறகு சின்னத் தோப்புக்காரர்கள் பலர் இதற்கு மாறினார்கள். ஒரு லைனில் இருபது இருபத்தைந்து துளை வைக்கலாம். இறக்கம் கடைசி மரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே சரிவும் கீழே சமதளமும் இருந்தால் பயன் குறைவு.

குறை என்னவென்றால், இரண்டாம் மூன்றாம் வருடத்தில் இணைப்புகளில் வழவழப்பான கிருமிப் படலம் படிந்து அடைத்துக்கொள்ளும். சூடான வருடத்தில் அடைப்பு இன்னும் சீக்கிரம். பருவம் முடிந்ததும் கிருமிநாசினி விட்டு ஊறவைத்து அலச வேண்டும். சாதாரண சோடியம் ப்ளீச்சின் உப்புச் சுவைக்கு அணில்கள் மொய்க்கும், கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. கியூபெக்கில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் பழக்கம். எதைப் போட்டாலும் அடுத்த வருடம் முதலில் வரும் சாற்றைக் கீழே விட்டுவிடுங்கள்.

அணில் கடித்தால்?

வெட்டி, இணைப்பு போட்டு, நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இதற்கு நிரந்தரத் தீர்வு கண்டுபிடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சாறு மங்கலாக, நூல்நூலாக வருகிறது. காய்ச்சலாமா?

லேசான மங்கல் என்றால் உடனே காய்ச்சுங்கள், சிரப் கறுப்பாக வரும். கிருமிகள் சாற்றின் சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுகின்றன, அது காய்ச்சும்போது கூடுதலாக நிறம் ஏறும். சூடான வருடத்தில் ‘கோல்டன்’, ‘ஆம்பர்’ என்ற வெளிர் நிறத் தரங்கள் குறைந்து ‘டார்க்’ அதிகமாவது இதனால். டார்க் மோசமான சரக்கு என்று நினைக்காதீர்கள். பாயசத்துக்கும் கேக்குக்கும் அதுதான் தூக்கலாக இருக்கும்.

நூல் இழுத்து, புளித்த வாசனை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

சாற்றைப் பாலைப் போல நடத்துங்கள். 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் சில நாள் தாங்கும். வெளியே 12 டிகிரி என்றால் அன்றே காய்ச்சிவிட வேண்டும். தினமும் இரண்டு லிட்டர்தான் வருகிறது, வார இறுதிக்குச் சேர்த்து வைக்கிறேன் என்பவர்களுக்கு ஃப்ரீசர் தான் வழி. மோசமான வருடத்தில் காய்ச்சும் பாத்திரத்தைவிட ஃப்ரீசரில் காலி இடம் முக்கியமாகிவிடுகிறது.

சர்க்கரை 1.3 சதவீதம்தான். விறகு கட்டுப்படியாகுமா?

இரவில் வாளியில் உறைந்து நிற்கும் பனிக்கட்டியைக் காலையில் எடுத்து எறிந்துவிடுங்கள். உறைவது பெரும்பாலும் தண்ணீர், சர்க்கரை அடியில் உள்ள நீரில் தங்கிவிடும். கொஞ்சம் சர்க்கரையும் கட்டியோடு போகும்தான், ஆனால் காய்ச்சும் நேரம் மிச்சமாவதைப் பார்த்தால் பரவாயில்லை.

அடுத்த படி ஆர்.ஓ. வீட்டுக் குடிநீருக்கு வைக்கிறோமே, அதே தத்துவம்தான். வித்தியாசம், அங்கே நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டுகிறோம், இங்கே தண்ணீரைக் கொட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறோம். 2 சதவீதச் சாற்றை 8 சதவீதமாக்கினால் முக்கால்வாசித் தண்ணீர் அடுப்புக்கு வருமுன்பே போய்விட்டது. சிறிய அளவு ஆர்.ஓ. கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. நாற்பது ஐம்பது துளைக்கு மேல் இருப்பவர் எதற்காவது காசு செலவழிக்க வேண்டும் என்றால், வேக்குவம் பம்புக்கு முன் இதை யோசிக்கலாம்.

வீட்டுக்குள் காய்ச்சலாமா?

மூன்றரை லிட்டர் சிரப்புக்கு 196 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். அது உங்கள் சமையலறைச் சுவரில்தான் போய்ப் படியும். முற்றத்தில் விறகடுப்பிலோ கேஸ் பர்னரிலோ, அகலமான தட்டையான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். கடைசிக் கட்டத்தை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 டிகிரி மேலே, அதாவது 104ஐ ஒட்டி வந்ததும் சிரப். கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலிருந்து நகரக் கூடாது, பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போதும், அடங்கும். வடிகட்டி, 82 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றி மூடுங்கள்.

கடைசிச் சாறு ஏன் ஒரு மாதிரி நாறுகிறது?

மொட்டு வீங்கத் தொடங்கியதும் மரத்தின் வேதியியல் மாறுகிறது, அமினோ அமிலங்கள் ஏறுகின்றன. காய்ச்சும்போது ஒரு கனத்த, விரும்பத்தகாத வாசனை வரும். வடிகட்டுவதால் போகாது. சிவப்பு மேப்பிளில் மொட்டு முந்திவிடும், சர்க்கரை மேப்பிளில் கொஞ்சம் தாமதம். இரண்டும் கலந்திருக்கும் தோப்பில் சிவப்பு மேப்பிள் வாளிகளை முதலில் கழற்றிவிடுங்கள். இந்த வருடம் குறைவாகத்தானே கிடைத்தது என்று அந்தச் சாற்றையும் நல்ல சாற்றோடு கலந்தால் மொத்தமும் போய்விடும்.

தாத்தா காலத்து வாளிகள் பழைய சாமான் கடையில் கிடைத்தன. பயன்படுத்தலாமா?

பூந்தொட்டியாக வைக்கலாம். பழைய வாளிகள் பலவற்றில் ஈயம் கலந்த பூச்சோ ஈயப் பற்றோ இருக்கும். அதிலும் மோசமான வருடத்தில் சாறு புளிப்பேறி நாள்கணக்கில் வாளியில் கிடந்தால் ஈயம் கரைவது கூடும்.

மோசமான வருடத்தில் கடையில் சிரப் விலை எகிறுமா?

அவ்வளவாக இல்லை. கியூபெக் உற்பத்தியாளர் அமைப்பு 2000லிருந்து ஒரு சேமிப்புக் கிடங்கு வைத்திருக்கிறது. உபரி வருடத்தில் பீப்பாயில் அடைத்து வைத்து, பற்றாக்குறை வருடத்தில் எடுத்து விடுவார்கள். 2021ல் சுமார் 5 கோடி பவுண்டு எடுத்துவிட்டார்கள். 2020ல் 10 கோடிக்கு மேல் இருந்த இருப்பு, 2023 முடிவில் 70 லட்சம் பவுண்டைக் கூட எட்டாத நிலைக்கு இறங்கியது. 2024ன் பெருவிளைச்சல் வந்திராவிட்டால் நிலைமை வேறாக இருந்திருக்கும். இதே சேமிப்பிலிருந்துதான் 2011, 2012ல் சுமார் 3,000 டன் சிரப் திருட்டுப் போனது, மதிப்பு ஏறக்குறைய 1.8 கோடி கனடிய டாலர். திருடியவர்கள் சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் பத்து மரத்தில் இறக்குவது லாபமா?

கணக்குப் பார்த்தால் இல்லை. மோசமான வருடத்தில் விறகுச் செலவுக்குக் கூட ஈடாகாது. கடையில் வாங்குவது மலிவு. பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும்தான் என்றால், டொராண்டோ பக்கம் புரூசஸ் மில், கோர்ட்ரைட் போன்ற இடங்களில் வசந்த காலத்தில் மேப்பிள் நிகழ்ச்சி நடக்கும், ஒரு நாள் போய்விட்டு வரலாம்.

பருவம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ஸ்பைலைக் கழற்றிவிடுங்கள். துளையை மெழுகாலோ மரத்துண்டாலோ அடைக்க வேண்டாம், மரமே மூடிக்கொள்ளும். ஆரோக்கியமான மரத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் தழும்பு மட்டும் மிஞ்சும். வாளி, டியூப், தொட்டி எல்லாவற்றையும் அன்றே சுடுநீரில் கழுவுங்கள். சாறு காய்ந்து ஒட்டிய பிறகு கழுவுவது மூன்று மடங்கு வேலை. நன்றாக உலர்த்தி, எலி போகாத இடத்தில் கவிழ்த்து வைக்கவும். எந்த மரத்தில் எந்தத் தேதியில் சாறு தொடங்கியது, எப்போது நின்றது, சர்க்கரை எவ்வளவு என்று எழுதி, வாளிக்குள்ளேயே போட்டு வைத்தால் அடுத்த பிப்ரவரியில் தேட வேண்டியிருக்காது.